முக்கால் டாலர் களவு

1986 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணக்கு 75 சென்ட் உதைத்தது. கணிப்பொறியைத் தொட்ட நேரத்துக்கெல்லாம் ஆளாளுக்குக் காசு வாங்கும் இடம் அது. அந்த முக்கால் டாலரைத் தேடச் சொல்லி கிளிஃபோர்ட் ஸ்டால் தலையில் கட்டினார்கள். மனிதர் வானியல்காரர், ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனதால் நட்சத்திரங்களிலிருந்து கணிப்பொறி அறைக்கு இறக்கப்பட்டவர்.

சில்லறையைத் தேடியவர் கையில் சிக்கியது ஒரு கள்ளனின் தடம்.

ஆய்வகக் கணிப்பொறியில் ஓடிய யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘ஹூ’ என்று தட்டினால், உள்ளே யார் யார், எந்த டெர்மினலில், எப்போதிருந்து என்று சொல்லிவிடும். 1971ஆம் ஆண்டின் முதல் கையேட்டிலேயே இருக்கும் கட்டளை. ரொம்ப வெள்ளந்தி. யுடிஎம்பி என்ற கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிக்கும். இங்கிலாந்துக்குக் குடிபோன ஆள் பெர்க்லியில் வேலை பார்ப்பதாகக்கூடக் கூசாமல் சொல்லும். அவர் பெயரில்தானே கள்ளன் நுழைந்திருந்தான்!

இதைவிடக் கூத்து, அவனும் அடிக்கடி ‘ஹூ’ தட்டிப் பார்த்தான். மேலாளர் யாராவது தென்பட்டால் நழுவிவிடுவான். காவல்காரனும் கள்ளனும் ஒரே பட்டியலைப் பார்த்தால் யார் யாரைப் பிடிப்பது?

ஸ்டால் பட்டியலைக் கைகழுவினார். வார இறுதியில் ஊழியர்கள் வீட்டுக்குப் போனதும், மேசைமேல் கிடந்த டெர்மினல்களையும் பிரிண்டர்களையும் கேளாமலே தள்ளிக்கொண்டு வந்தார். வெளியிலிருந்து வரும் சுமார் 50 இணைப்புகளிலும் மாட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டார். (திங்கட்கிழமை ஊழியர்கள் யாரைத் திருடன் என்று நினைத்திருப்பார்கள்?) வயரில் ஒட்டுக்கேட்கும் பிரிண்டர் எந்தப் பட்டியலிலும் வராது. கள்ளன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தாளில் இறங்கியது.

எஃப்பிஐக்குச் சொன்னால், நட்டம் எவ்வளவு என்றார்கள். சொன்னார். அதோடு அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது.

ராணுவச் சமாச்சாரத்தை அவன் நகலெடுக்கும்போதெல்லாம் ஸ்டால் சாவிக்கொத்தை வயர் முனைகளில் உரசுவார். லைனில் கோளாறு என்று அவன் நினைத்துக்கொள்வான். கடைசியில் காதலி சொன்ன யோசனைப்படி, விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டம் பற்றிப் போலி ஆவணங்களைக் குவித்து வைத்தார்கள். அதை மேய்ந்துகொண்டு அவன் நெடுநேரம் தங்கினான். இணைப்பின் தடம் பிடிக்கத் தொலைபேசிக்காரர்களுக்கு அந்த நேரம் போதும். தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில், மார்க்குஸ் ஹெஸ் என்ற இளைஞர் வீட்டில் போய் முடிந்தது. அவர் சேர்ந்திருந்த கூட்டம், திருடிய சரக்கை சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்றுவந்தது.

1990இல் ஹெஸ்ஸுக்கும் கூட்டாளிகளுக்கும் சிறை என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் தண்டனையை நிறுத்தியும் வைத்தார்கள்.