பத்து எழுத்துப் பாதுகாவலர்

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். எங்கள் தெருக்காரருக்குப் 'பான் சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ரிட்டயர் ஆனதும் சொந்த ஊரான நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வாங்கி ஆன்லைனில் விற்கக் கிளம்பினார். படம் எடுத்தாயிற்று, விலை போட்டாயிற்று, பேங்க் கணக்கும் கொடுத்தாயிற்று. அடுத்த பக்கத்தில் பான் நம்பர் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அவர் பான் கார்டை ஜெராக்ஸ் எடுப்பதைப் பார்க்கவேண்டும். பைக்குள் பர்ஸ், பர்ஸுக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மடித்த காகிதம், அதற்குள் கார்டு. கட்டைவிரலால் நம்பரை மறைத்தபடியே மெஷினில் கவிழ்ப்பார். காப்பியின் குறுக்கே எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். (நல்ல பழக்கம்தான், இதைக் கேலி செய்யமாட்டேன்.) மங்கலாக விழுந்த காப்பியை மட்டும் அங்கேயே குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். "ஸ்கேன் பண்ணணும்னா என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க சார்" என்று கடைப்பையன் சொன்னால் உடனே அனுப்பிவிடுவார். அந்தக் கடைக் கம்ப்யூட்டர் திரையில் பேட்டையில் பாதிப்பேரின் பான் கார்டு வரிசைகட்டி நிற்கிறது.

பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்தவர் பானை வைத்துக் கடன் வாங்குவதும் போலி ஜிஎஸ்டி பதிவு போடுவதும் நாட்டில் நடக்கிற கூத்துதான். ஆனால் சார் திருடனைவிட வருமான வரி ஆபீஸுக்கே அதிகம் பயப்படுகிறார். "நான் விளக்கு விக்கிறது அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" அந்த நம்பரைக் கொடுத்ததே அவர்கள்தானே என்றால், குரலைத் தாழ்த்தி, "அதனாலதான்" என்பார்.

பான் கொடுத்த தனிநபர் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆன்லைனில் விற்றால் டிடிஎஸ் பிடித்தமே கிடையாது. அதற்குமேல் போனாலும் 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம்தான். கொடுக்காதவருக்குச் சட்டப்படி 5 சதவீதம். காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டும் சார், இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒருநாள் டிபன் சாப்பிட்ட பில்லில் இருந்த ஜிஎஸ்டி நம்பரைக் காட்டினேன். மொத்தம் 15 இடம். முதலில் வரும் 33 தமிழ்நாடு, அடுத்த பத்தும் பான். தனி முதலாளி நடத்தும் கடையென்றால் அது அவருடைய சொந்தப் பான். கடைப் பலகையிலும் எழுதி வைக்கவேண்டும் என்பது விதி. சாருக்கு வியர்த்துவிட்டது. நேராகக் கல்லாவுக்குப் போய்க் குனிந்து, "முதலாளி, உங்களோடது வெளியில தெரியுது" என்றார். அவர் அவசரமாக வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

இப்போது விளக்குகள் விற்பனைக்கு வந்துவிட்டன, சாரின் வீட்டம்மா பெயரில், அந்தம்மாவின் பானில். "ஏங்க, என் நம்பர் மட்டும் என்ன ரேஷன் கடை வாசல்லயா ஒட்டியிருக்கு?" என்று கேட்டாராம். "உனக்குத்தான் வருமானமே இல்லையே" என்றிருக்கிறார் சார். விளக்குப் பணமெல்லாம் அந்தம்மாவின் கணக்கில் விழுகிறது. ஏடிஎம் பின் நம்பரைச் சார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.