ஈரவியல்: காரைக்காலை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

கடலுக்கு ஓர் இயல், மண்ணுக்கு ஓர் இயல், பூச்சிக்குக்கூட ஓர் இயல் இருக்க, ஈரத்துக்கு இல்லாதது தமிழாய்வுலகின் பெருங்குறை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. களமாகக் காரைக்காலைத் தேர்ந்ததற்குக் காரணம் கிழக்கே வங்கக் கடல், ஊரை ஊடறுத்து அரசலாறு, சுற்றிலும் வயல், மேலே ஐப்பசி வானம். உலர்ந்த பொருள் என்று எடுத்துக்காட்ட ஒன்றும் அகப்படாத இரண்டு மாதங்கள் இவ்வூருக்கு வருஷந்தோறும் உண்டு. ஆய்வாளருடைய உள்பனியனும் அதில் சேர்த்தி.

நம் கோட்பாடு இது: ஈரம் தானாக வந்தால் குற்றம், நாமாகப் போய் வரவழைத்துக்கொண்டால் புண்ணியம்.

முதற்சான்று திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி சமயத்தில் லட்சக்கணக்கானோர் எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகுகிறார்கள். சொட்டச் சொட்டப் படியேறும் ஆளைப் பார்த்து, ‘அடடா, நனைஞ்சிட்டீங்களே’ என்று யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. அதே ஆள் திரும்பும் வழியில் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நாலு தூறல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையட்டும். ‘மொதல்ல தலையத் துவட்டுங்க’ என்று துண்டு பறந்து வரும். நீரின் அளவைப் பார்த்தால் குளத்து ஈரமே அதிகம். ஆனால் அதில் சனி விலகுகிறது, இதில் சளி பிடிக்கிறது. இரண்டுக்கும் ஓரெழுத்துத்தான் வேறுபாடு என்பதை மொழியியலார் கவனிக்க வேண்டும்.

அடுத்து வீடு. அரிசி ஊறினால் சந்தோஷம். அப்பளம் நமுத்தால் துக்கம். சுவரில் ஏறும் ஈரத்துக்குத் தமிழர் தனியாக ஓதம் என்று பெயர் வைத்தார்கள். பழைய நூல்களில் இச்சொல்லுக்குக் கடல், அலை என்றும் பொருளுண்டு. இந்த இருபொருளின் நியாயம் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி வீடு கட்டியவருக்கு உரையாசிரியர் இல்லாமலே விளங்கும். வெள்ளையடித்த மறுவருஷமே இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் உதிர்கிறது. அலமாரியைத் தள்ளிப் போட்டு மறைத்தால் அலமாரியின் முதுகும் பூஞ்சைக்காளான் பிடிக்கிறது. கடல் உள்ளே வந்து குடியேறிவிட்டது, வாடகைதான் தருவதில்லை.

இனி நெல். ஈரம் என்ற சொல் கொள்முதல் நிலையத்துக்குள் நுழைந்ததும் ஈரப்பதம் என்று உத்தியோக உடை மாட்டிக்கொள்கிறது. அங்கே அதற்கு 17 சதவீதம் வரம்பு. குறுவை அறுப்போ மழையோடு முட்டிக்கொள்ளும் காலத்தில் வருவது. தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி, வெறுங்காலால் வரிவரியாகக் கிளறி, மேகம் திரண்டால் தார்ப்பாய் போர்த்தி, வெயில் வந்தால் எடுத்து, கடைசியில் மீட்டரில் ஒரு பிடி போட்டால் 19 என்று காட்டும். விவசாயி ஒரு மணியைப் பல்லில் கடித்து ‘டக்கு’ன்னு ஒடியுது பாருங்க சார் என்பார். பல்லின் சாட்சியம் ஏற்கப்படுவதில்லை. வரம்பைத் தளர்த்தக் கேட்டு மனு போகும். டெல்லியிலிருந்து குழு வரும். சில வருஷம் தளர்த்தவும் செய்வார்கள், பெரும்பாலும் நெல் முளைத்த பிறகு.

குறளின் 91ஆம் பாட்டில் ஈரம் வருகிறது. பரிமேலழகர் அதற்கு அன்பு என்று உரை எழுதினார். நெல்லுக்கு அதிகபட்சம் 17 என்று விதி செய்தவர்கள், இந்த வகை ஈரம் மேசைக்கு அந்தப் பக்கம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விதிநூலில் இது ஓர் இடைவெளி.

ஒப்பீட்டாய்வு இல்லாமல் ஆய்வேடு ஏறாது. ஸ்பானிஷில் நனைந்தவன் என்ற சொல், ஆற்றைக் கடந்து அனுமதியில்லாமல் அமெரிக்காவுக்குள் போனவரை ஏளனம் செய்யும் வசைச்சொல்லாகவும் இருக்கிறது. தானாக வந்த ஈரம் குற்றம் என்ற நம் கோட்பாட்டுக்கு இப்படியும் ஓர் அரணா என்று ஆய்வாளர் சங்கடப்படுகிறார். 1739 முதல் இங்கே கொடி நாட்டிய பிரெஞ்சுக்காரர் மொழியில் நனைப்பது என்னும் வினைக்கே நங்கூரம் பாய்ச்சுவது என்றும் பொருள். அவர்கள் கோழையை ‘நனைந்த கோழி’ என்பார்கள். நாமும் ஒடுங்கி நிற்பவனை மழையில் நனைந்த கோழி என்கிறோம். யாரிடமிருந்து யார் பெற்றது? காரைக்கால் கோழியைப் பார்த்துத்தான் அவர்கள் கற்றார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு, ஆதாரம் கோழிதான். 1962 ஆகஸ்டு 16இல் இவ்வூரை இந்தியாவுக்குக் கையளிக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது மனிதர்களுக்கு மட்டுமே. ஆகவே அக்கோழியின் வாரிசுகள் இன்று இந்தியக் கோழிகள், உரிமை நமக்கே.

ஈரக்குலை நடுங்குதல், வயிற்றில் ஈரத்துணி, ஈர வெங்காயம் ஆகியவை இரண்டாம் தொகுதிக்கு ஒத்திவைக்கப்படுகின்றன.

கோட்பாட்டை மறுக்க விரும்பும் அறிஞர்கள் கடிதம் எழுத வேண்டாம். ஐப்பசியில் ஒரு வாரம் காரைக்காலுக்கு வந்து, ஒரே ஒரு ஜீன்ஸ் பேண்டைத் துவைத்துக் காயவைத்துக் காட்டட்டும்.