முடியா, முறையா?

கேள்வி: தோள்வரை முடி வளர்த்திருக்கிறேன். "நாலு பேரைப் போல ஆம்பளையாய் வெட்டிக்கொள்" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்ய?

பதில்: அந்த நாலு பேர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். ஓர் அரசே இப்படி முடியை எதிர்த்ததுண்டு: 1970-களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில், நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலரைத் தாண்டினால் நீளமுடி என்று படம் போட்டே விளக்கினார்கள். நீளமுடி வைத்த ஹிப்பிகளோடு போதைப்பழக்கமும் வந்துவிடும் என்ற பயம். போதை தீமைதான், அதற்குப் பிடிக்கவேண்டியது கடத்துகிறவனை, குடுமியை அல்ல. வேலையிடத்தில் ஒழுங்கு வேண்டாமா என்பார்கள். வேண்டும். இயந்திரத்தருகிலும் சமையலறையிலும் முடியை இறுக்கிக் கட்டுங்கள். அந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று. கண்ணுக்கு உறுத்துகிறது என்பது மட்டுமே காரணமென்றால் வெட்டாதீர்கள். சுத்தமாகச் சீவி, நிமிர்ந்து நடங்கள்.