ஸ்பானிய நிலப்பெயர் இலக்கணம்: சுருக்கப் பதிப்பு

பாயிரம்

ஸ்பெயினில் ஒரு வயலைக் காட்டி, ‘இதற்கு என்ன பெயர்?’ என்று நேரே கேட்பவர் கற்றுக்குட்டி. தண்ணீர் எது, மரம் உண்டா, இந்த வருஷம் விதைத்தார்களா, பத்திரம் யார் பேரில் என்ற நான்கையும் விசாரித்த பிறகே கற்றறிந்தோர் வாய் திறப்பர்.

1. நீரியல்

வானம் பார்த்த பூமி ‘செகானோ’. பாசனம் பெறுவது ‘ரெகதீயோ’. அதிலும் காய்கறி செழிக்கும் சமவெளி ‘உவெர்த்தா’. வீட்டையொட்டிய சிறு தோட்டம் ‘உவெர்த்தோ’. ஈற்று ஆகாரம் ஓகாரமானால் பரப்பு சுருங்கும் என்பது விதி.

வலென்சியாவின் உவெர்த்தாவில் வாய்க்கால் தகராறு வந்தால், வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாசலில் விசாரணை. நீதிபதிகள் கருப்பு அங்கி போட்ட விவசாயிகள். வழக்கும் தீர்ப்பும் வாய்மொழி. செகானோக்காரருக்கு இந்த வசதி இல்லை; மழையை எந்த வாசலுக்கு இழுப்பது?

2. மரவியல்

எஸ்திரமாதுராவில் ஓக் மரங்கள் விட்டுவிட்டு நிற்க, அடியில் புல் வளரும் இடம் ‘தெயேசா’. காடா, மேய்ச்சல் நிலமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்பதே விடை. குளிர்காலத்தில் உதிரும் ஓக் கொட்டைகளைத் தின்று பன்றிகள் கொழுக்கும். தக்கை ஓக்கின் பட்டையை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரித்து, உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தால் எழுதுவர். ‘4’ என்றிருந்தால் 2024. 2033 வரை அதன்மேல் கை வைக்கலாகாது.

3. ஓய்வியல்

அறுவடை முடிந்து தாள் நிற்பது ‘ரஸ்த்ரோஹோ’. ஈரமும் வளமும் சேர வேண்டுமென்று உழுது, விதைக்காமல் விட்டது ‘பர்பேச்சோ’. கேட்பாரற்றுக் கிடப்பது ‘எரியால்’. முன்னது ஓய்வு, பின்னது சோம்பல். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

4. உடைமையியல்

ஆந்தலூசியாவில் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒருவர் பேரில் இருப்பது ‘லத்திஃபூந்தியோ’. கலீசியாவில் பாகம் பிரித்துப் பிரித்துத் துண்டாகிப் போனது ‘மினிஃபூந்தியோ’. கடல் கடந்தால் மெக்சிகோவில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் கலந்து விளையும் ‘மில்பா’ குறுக்கிடும். அதற்குத் தனி நூல் வேண்டும்.

புறனடை

எதிலும் அடங்காத நிலத்தை ‘ஃபின்கா’ எனச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சொத்துப் பதிவேட்டில் மாட்ரிட் நகரத்து மூன்றாம் மாடிக் குடியிருப்பும் ஒரு ஃபின்காதான். ஆகவே ஃபின்கா வாங்கியவரிடம் ‘என்ன விதைத்தீர்கள்?’ என்று கேட்குமுன், லிஃப்ட் உண்டா என்று விசாரித்துக்கொள்க.