பின் நம்பர் வள்ளல்

ஆயக்குடிக் கொய்யாச் சந்தையில் காலையில் பெட்டி விலையைவிட உரக்கக் கேட்கும் எண் பெரியப்பாவின் ஓடிபி. எந்தப் பெரியப்பா என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். திருப்பூரிலிருந்து மகன் கேட்பான். "நாலு... ஏழு... ஏழுடா, ஏழு! எட்டுக்கு முந்தினது!" ஏலம் கூறுகிறவரே ஒரு நிமிடம் நிறுத்திவிடுவார். கடைசி இலக்கத்துக்கு மட்டும் பெரியப்பா வாயைக் கையால் பொத்திக்கொள்வார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிராதே."

பாஸ்வேர்டுகளுக்கு அவர் வைத்திருக்கும் லாக்கர், சொந்தபந்த வாட்ஸ்அப் குரூப். ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் பிரதோஷ நேரத்துக்கும் நடுவில் ஏடிஎம் பின் கிடக்கும். கூடவே ஒரு குறிப்பு: "சேஃப்டிக்குப் போட்டு வச்சிருக்கேன்." அந்த குரூப்பில் அத்துவிட்ட பழைய மருமகனும் இருக்கிறார், நீக்கினால் பேச்சு வரும் என்று விட்டுவைத்தது. "அழிச்சிருங்க பெரியப்பா" என்றால் தட்டாமல் அழிப்பார், தன் போனில் மட்டும். மறுநாள் தேடிப் பார்த்துவிட்டு, "காணோமே" என்று மறுபடி போடுவார். பாஸ்வேர்டு மேனேஜர் ஏற்றிக் கொடுத்தோம். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு அன்று சாயங்காலமே குரூப்புக்கு வந்தது.

திருட்டுப் பயமே அவருக்குக் கிடையாது, மறந்துபோகும் பயம்தான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் பொதினி மலை, அதாவது நம் பழனி, பக்கத்தில்தானே இருக்கிறது. அந்தக் காற்று போலும். ஆனால் போர்வை வாங்கிய மயில் பேகனின் கணக்கைத் துடைக்கவில்லை.

வயிற்றெரிச்சல் இதுதான்: 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ரகசிய எண்ணை நாமே சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனதெல்லாம் நம் தலையில். அதற்குப் பிறகு போவதுதான் வங்கி பொறுப்பு. ஆக, வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அடித்துப்பிடித்து போன் போட வேண்டும். யார் போடுவது? அவரா? அவர் போன்தான் குரூப்பில் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருக்குமே! நாங்கள்தான்.

போன வாரம் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை இறக்கி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். ஜெராக்ஸ் கடையில் பெருமையாக நீட்டினார். "என்னங்கய்யா, நம்பர் பாதி தெரியலையே?" என்றான் பையன்.

"அட, அதுக்கென்ன" என்று பேனாவை வாங்கினார். எட்டையும் மனப்பாடமாக எழுதினார். பையனுக்குக் கண் தெரியாதோ என்று வாய்விட்டும் சொன்னார்.