மேல்மாடிக் காதல் நாவல்களின் ஓரக்குறிப்புகள்: ஒரு கறையியல் ஆய்வு

நோக்கமும் எல்லையும்

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மேல்மாடியில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. அங்கே கிடைக்கும் தமிழ்க் காதல் நாவல்களின் ஓரங்களில் பெயர் தெரியாத ஒரு வாசகி நீல மையில் கிறுக்கிவைத்திருக்கும் கருத்துகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சந்தையில் விற்கும் சாதிக்காய் ஊறுகாய் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. (பின்னால் வரும். பொறுத்தருள்க.)

கருதுகோள்: காதல் நாவல் படிப்பவர்கள் சிந்திப்பதில்லை. இது ஆய்வைத் தொடங்கும் முன்பே நிறுவப்பட்டுவிட்டது. கருதுகோள் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதைப் பல கருத்தரங்குகளின் மதிய உணவு இடைவேளைகளில் கற்றோம்.

முன்னாய்வுகள்

சிருங்கார விஷயத்தில் வாசகர் கருத்துக் கேட்ட முதல் நிகழ்ச்சி மதுரையில் நடந்தது. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டுவிட்டு, யாருடையது மெய்யுரை என்று தீராமல் நின்றார்கள். தீர்ப்புச் சொல்ல அழைத்துவரப்பட்டவன் உருத்திரசன்மன். வயது ஐந்து, வாய் பேச வராது. களவொழுக்கம் பற்றிய உரைகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, மருதன் இளநாகனார் உரைக்கு ஆங்காங்கே கண்ணீர் விட்டான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான். அதுவே மெய்யுரை என்று புலவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பச்சைப் பிள்ளையை உட்காரவைத்து இதையெல்லாம் ஏன் படித்துக்காட்டினீர்கள் என்று அந்த நாற்பத்தொன்பது பேரையும் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. காதல் நூலுக்கு உத்தம வாசகர் வாய் திறக்காதவர் என்ற கொள்கை மட்டும் அன்றே நிலைத்தது. தமிழ்க் குடும்பங்கள் அதை இன்றளவும் போற்றிவருகின்றன.

அடுத்த முன்னோடி ஒரு சோழ மன்னன். எட்டு மணங்களைப் பாடுவதால் மணநூல் என்றே பெயர் பெற்ற சீவக சிந்தாமணியில் அவன் மூழ்கிக் கிடந்ததைக் கண்டு மந்திரி சேக்கிழார் கவலைப்பட்டார். கண்டித்துவிட்டுப் பெரியபுராணம் பாடினார் என்பது வரலாறு. கையிலிருக்கும் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டு நல்ல புத்தகம் கொடுக்கும் பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். பதிலுக்குத் தாமே ஒரு காப்பியம் எழுதித் தந்தவர் சேக்கிழார் ஒருவரே. சிந்தாமணியைப் பாடிய திருத்தக்கதேவரோ சமணத் துறவி. இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று புலவர்கள் ஐயுற, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தம் தூய்மையைக் காட்டினார் என்பார்கள். இப்போது அந்தச் சோதனை இல்லை; முன்னுரையில் ‘தூண்டிய துணைவிக்கு’ என்று போட்டால் போதும்.

வீரமாமுனிவர் திருக்குறளை லத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் தந்துவிட்டு, கடைசி 250 குறளை விட்டுவிட்டார். விட வேண்டியவை இவை என்று தெரிவதற்காகவாவது அவற்றை அவர் கவனமாகப் படித்திருக்க வேண்டும். இந்த அளவு கவனத்தைப் பிற்காலத் தணிக்கையாளர்களிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

மலேசியாவில் நிலைமை என்ன? இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் எனப்படும் க. வெங்கடரத்தினத்தின் 1917-ஆம் ஆண்டு நூலுக்குத் தலைப்பே ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. தொடக்கமே அப்படி. 2015-இல் சாம்பல் நிறத்தின் ஐம்பது சாயைகளைப் பற்றிய ஆங்கிலப் படம் இங்கே திரைக்கு வராமல் தடுக்கப்பட்டது. கலித்தொகையை எவரும் தடுக்கவில்லை. நம் பேராசிரியர்கள் அதற்கு எழுதியிருக்கும் விளக்கங்களே போதிய பாதுகாப்பு என்று அரசு கருதியிருக்கலாம்.

வகைப்பாடு

தொல்காப்பியர் கைக்கிளை முதல் பெருந்திணை ஈறாக ஏழு என்றார். மேல்மாடியில் நான்குதான் கிடைக்கின்றன.

ரமணிசந்திரன் வகை முதலாவது. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். ஒன்றை உருவினால் ஒன்பது சரியும். ஆவி பறப்பதெல்லாம் மணிக்கட்டைப் பிடிப்பதோடு நின்றுவிடும். தாலி ஏறும்வரை கை அதற்கு மேல் ஏறாது. ஓரக்குறிப்புகளில் பெரும்பகுதி இவ்வகையில்தான் உள்ளது.

இரண்டாவது சாண்டில்யன் வகை. இது பினாங்குக்காரர்களுக்குச் சொந்த விவகாரம். ‘கடல் புறா’வின் நாயகி காஞ்சனாதேவி கடாரத்து இளவரசி, கடாரம் என்பது நம் கெடா. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கும்வரை பினாங்குத் தீவு கெடா சுல்தானுடையது. ஆகவே காஞ்சனாதேவியின் இடையைப் பற்றி ஆசிரியர் எழுதியவை அனைத்தும் உள்ளூர் வரலாற்று ஆவணங்கள் என்றே கொள்ளத் தகும். வாசகி அவ்வாறு கொள்ளவில்லை. இளைய பல்லவன் இளவரசியை ஏற இறங்கப் பார்க்கும் இடத்தில் ஓரத்தில் எழுதுகிறாள்: ‘ரெண்டு பக்கமா இடுப்பு. கப்பல் எப்பத்தான் கிளம்பும்?’ சற்றுத் தள்ளி: ‘ஃபெரியில ஏறியிருந்தா இந்நேரம் பட்டர்வொர்த் போயி, பசியாறிட்டுத் திரும்பியிருக்கலாம்.’ (முதற்கடை, இடப்புற அடுக்கு, கீழிருந்து இரண்டாவது.)

மூன்றாவது புஷ்பா தங்கதுரை வகை. ‘என் பெயர் கமலா’ என்று சிவப்பு விளக்குப் பக்கம் போனவரும், ஸ்ரீ வேணுகோபாலன் என்ற பெயரில் ‘திருவரங்கன் உலா’ எழுதி ஆழ்வார் அடியார்களை அழவைத்தவரும் ஒரே ஆள். இதை நம் வாசகி முன்பே கண்டுபிடித்துப் பயன்படுத்தியும் இருக்கிறாள். கமலாவுக்குத் திருவரங்கனின் அட்டையைக் கழற்றிப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறது. அம்மா கேட்டால், இந்த ஆசிரியர் புத்தகம்தான் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். (இரண்டாம் கடை, ராசிபலன் கட்டுக்கும் பழைய மலாய்ப் பாடநூலுக்கும் நடுவில்.)

நான்காவது சரோஜாதேவி வகை. இதைப் பற்றி ஆய்வாளருக்கு ஒன்றும் தெரியாது.

கறையியல்

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருகிறோம். ரமணிசந்திரன் நாவல் ஒன்றில், நாயகன் கோபமாக நாயகியின் கையைப் பற்றி, பற்றியதாலேயே கோபம் மறந்து நிற்கும் பக்கத்தில், ஐம்பது காசு அளவில் ஒரு கறை உள்ளது. மஞ்சள் சாயை, ஓரம் பழுப்பு, அடுத்த இரண்டு தாள்களுக்கும் ஊறியிருக்கிறது. இதை விளக்க நான்கு கட்சிகள் எழுந்துள்ளன. நான்கையும் எழுப்பியவர் இவ்வாய்வாளரே.

எண்ணெய்க் கட்சியார் கூறுவது: இது தேங்காய் எண்ணெய். தலையணைக்கு அடியில் புத்தகம் இருந்தது, ஆகவே இரவு வாசிப்பு, ஆகவே ஒளித்து வாசித்தல், ஆகவே களவு. கற்பியலில் வாசித்திருந்தால் புத்தகம் மேசைமேல் இருந்திருக்கும்.

சாதிக்காய்க் கட்சியார் இதை மறுக்கிறார்கள். சந்தையில் சாதிக்காய் ஊறுகாய் வாங்கிய பையிலேயே புத்தகமும் போனது, சாறு கசிந்தது, வாசகியின் உள்ளத்துக்கும் கறைக்கும் தொடர்பே இல்லை என்பது அவர்கள் துணிபு. உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் இதை வைத்துக் கட்டுரையை நீட்ட முடியாது என்பதால் தள்ளப்பட்டது.

பஞ்சிர்க் கட்சியாரின் வாதமே விரிவானது. நாசி கண்டார் கடையில் நாலு குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றச் சொல்வதைப் பஞ்சிர் என்போம். கறையின் நிறம் ஒரே குழம்புக்கு உரியதன்று. மீன் குழம்பின் செம்மையும் தாலிச்சாவின் மஞ்சளும் மயங்கி வந்துள்ளன. எனவே வாசகி சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். சாப்பிட்டது வலக்கை, அப்படியானால் தாளைத் திருப்பியது இடக்கை, இடக்கையால் திருப்பினால் கறை தாளின் வலப்பக்கக் கீழ்மூலையில் விழாது, நடுவில்தான் விழும், நடுவில்தான் விழுந்திருக்கிறது. நடுவில் விழ வேண்டுமானால் சோற்றுக் கவளம் வாய்க்கு ஏறும் வழியில் அசையாமல் நின்றிருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? குழம்பு சொட்டும் நேரம். நாயகன் கை பற்றியதும் நாயகியின் கை நின்றது. வாசகியின் கையும் நின்றது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாட்டைச் சொல்லிற்று. தொங்கும் கவளம் ஒன்பதாவது. (மூன்றாம் கடை, வாழைப்பழப் பெட்டியின் அடி, சமையல் குறிப்புத் தொகுதியின் நான்காம் பாகத்துக்குக் கீழே, அட்டையில்லாப் பிரதி, கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தபோது பார்த்தது.)

கண்ணீர்க் கட்சியார் உருத்திரசன்மனைத் துணைக்கு அழைக்கிறார்கள். மெய்யுரைக்குக் கண்ணீர் சான்று, இங்கும் அதுவே, மஞ்சள் நிறம் முகத்தில் பூசிய மஞ்சளால் வந்தது. நல்ல முடிபு. இதன்படி ரமணிசந்திரன் நக்கீரருக்கு நிகராகிவிடுவார் என்பதால் ஏற்கத் தயக்கமாக உள்ளது.

ஐயம் தீர, ஆய்வாளர் கறையை நாவால் தொட்டுச் சோதித்தார். உப்புக் கரித்தது. இதனால் பஞ்சிர்க் கட்சியும் கண்ணீர்க் கட்சியும் ஒருங்கே வென்றன.

கறைக்கு நேரே ஓரத்தில் வாசகியின் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது: ‘சோறு திங்கும்போது இதப் படிக்கக் கூடாது. சிரிச்சுப் புரையேறிடுச்சு.’ வாசகர் கருத்து பற்றிய ஆய்வில் வாசகரின் சொந்தக் கருத்தைச் சான்றாகக் கொள்வது நெறிமுறைக்கு மாறானது என்பதால் இது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கருத்துகள்

மற்ற குறிப்புகளையும் சுருக்கமாகத் தந்துவிடலாம். அவை கருதுகோளுக்கு ஒத்துழைக்கவில்லை.

நாயகன் பெரிய மில் முதலாளி என்று அறிமுகமாகும் இடத்தில், ‘பார்ப்போம்’ என்று எழுதி ஒரு கோடு இழுத்திருக்கிறாள். பாதிக் கதையில்: ‘இன்னும் வேலைக்குப் போகல.’ முடியும் தறுவாயில்: ‘மில்ல யாரு பாத்துக்கிறா?’ தமிழ்நாட்டு நாவல்களின் பொருளாதார அடித்தளம் பற்றி இத்தனை சிக்கனமான ஆய்வு வேறு இல்லை. நாயகன் நாயகியைச் சந்தேகித்து அறைந்த பக்கத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. பக்கத்தில் ‘போலீசு’ என்று ஒரு சொல். சந்தேகம் தெளிந்து அவன் அணைத்துக்கொள்ளும்போது: ‘மன்னிப்புக் கேட்டானா? இல்ல. கேட்டுட்டுக் கட்டிப்பிடிடா.’ அதற்கடுத்த மூன்று பக்கம் குறிப்பே இல்லை. தாள்களின் ஓரம் மட்டும் பலமுறை புரட்டப்பட்டு மிருதுவாகியிருக்கிறது.

இந்த மூன்று பக்கத்தை வைத்து, எல்லாம் பேசிவிட்டு இவளும் மயங்கிவிட்டாளே என்று ஆய்வாளர் மகிழத் தொடங்கினார். நாலாம் பக்கத்தில் அவள்: ‘இத மட்டும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அறைஞ்சத எதுக்கு எழுதணும்?’ திறனாய்வாளர்கள் முப்பது பக்கமும் மூன்று மேற்கோளும் செலவிட்டு ‘ஆணாதிக்கக் கதையாடல்’ என்று வந்து சேரும் இடத்துக்கு இவள் ஒரு வரியில் போய்விட்டாள். போன வழியில் இன்பத்தையும் கைவிடவில்லை. ஆவி பறக்கும் பகுதிக்கு மூக்கைச் சுளிப்போரும் அதை மட்டும் தேடுவோரும் இந்த வரியைப் படிக்கலாம். முதல்வகையினர் கருத்தரங்கில் இருப்பார்கள். இரண்டாம் வகையினரும் அங்கேதான்.

நாவலின் கடைசித் தாள் கிழிந்து போயிருக்கிறது. பின்னட்டையின் உட்புறத்தில் நீல மை: ‘போன மாசம் படிச்ச அதே கதை. அடுத்தத எங்க?’

மேலாய்வுக்கு இடம்

அவள் கேட்ட ‘அடுத்தது’ எங்கே என்று ஆய்வாளரும் தேடினார். நீலமைக் குறிப்புள்ள புத்தகங்கள் இன்னும் ஒரு பெட்டி இருந்ததாம். போன வாரம்தான் போயிற்று என்றார் கடைக்காரர். “தமிழ்ப் பேராசிரியர் மாதிரி ஒருத்தர் வந்தாருங்க. கண்ணாடி, ஜிப்பா. மொத்தப் பெட்டியும் வேணும்னாரு. வெலய ஒத்த வெள்ளி கொறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்னாரு. அப்புறம், எழுதுறதா எழுதுறீங்க, பில்லுல ‘தொல்காப்பியம், உரையோடு’ன்னு எழுதிக் கொடுங்கன்னாரு.”