மடியில் கனம்

கோத்ரூடில் எங்கள் சொசைட்டியின் மூன்றாவது மாடிக்குப் போனால், மாமா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் வெளிநாட்டுப் படங்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஈஃபில் கோபுரத்தின் முன்னால் மாமா. ரைன் அருவியின் முன்னால் மாமா. சிங்கப்பூரில் வாயால் தண்ணீர் கொட்டும் சிங்கத்தின் முன்னால் மாமா. படத்துக்குப் படம் ஊர் மாறும், சட்டை மாறும், பக்கத்தில் நிற்கும் பேத்தி வளர்ந்துகொண்டே வருவாள். மாமாவின் வலது கை மட்டும் எல்லாப் படத்திலும் வயிற்றின் மேல் இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், "பாவம், அங்கே சாப்பாடு ஒத்துக்கலை போலிருக்கு" என்பார்கள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. சட்டைக்குள் ஒரு பை, பைக்குள் ஐந்து பாஸ்போர்ட்.

மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்று சொன்னவர் குடும்பத்தோடு வெளிநாடு போகாதவர்.

புனேயில் இந்த மாமா ஒரே ஒருவர் இல்லை. ராஸ்தா பேட்டில் இருக்கிறார், கட்கியில் இருக்கிறார், நிக்டியில் தெருவுக்கு ஒருவர். மத்திய சர்க்கார் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்து ரிட்டயரானவர். சர்வீசில் இருந்தவரை எல்.டி.சி.யில் கன்னியாகுமரி, மிஞ்சினால் ஹரித்வார். இப்போது பிள்ளைக்கு ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை, மருமகள் மராத்திப் பெண். 1984-இல் கேசரி, 2013-இல் வீணா வேர்ல்ட் என்று மராத்திக்காரர்கள் கம்பெனி தொடங்கி, ஊர் ஊராகக் குடும்பங்களைத் திரட்டி உலகம் சுற்றவைக்கும் மாநிலம் இது. மருமகள் வந்த முதல் வருஷமே, "பாபா, நாமும் ஒரு டூர்" என்றாள். மாமா பை வாங்கினார்.

ஐரோப்பாப் பயணம் விசாவில் ஆரம்பிக்கும். ஷெங்கன் விசாவுக்கு மூன்று மாத பாங்க் கணக்கு போதுமென்றால் மாமா ஆறு மாதத்துக்குக் கொடுப்பார். 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ் கேட்டால் 50,000-க்கு எடுப்பார். விசாவுக்கான படத்தில் சிரிக்கக் கூடாது என்பது விதி. மாமா சிரமமில்லாமல் நிறைவேற்றிய விதி அது ஒன்றுதான். பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது என்று பிள்ளை வாய்தவறிச் சொன்ன ராத்திரியிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. பதினோராம் நாள் கூரியர் வந்தது. ஐந்துக்கு ஐந்து பாஸ். மாமா பேத்தியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. இந்தப் பயணத்தின் உச்சம் அந்தச் சாயங்காலம்தான். ஆல்ப்ஸ் எல்லாம் அதற்குக் கீழேதான்.

சொல்லிக்கொள்ள சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். அவர் அசல் சதாசிவ் பேட்காரர். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை யார் மணியடித்தாலும் கதவைத் திறக்காத வம்சம். "பனி பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்காத்து ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டியிருப்பேனே" என்றார். கையோடு பு.ல.தேஷ்பாண்டேயின் 'அபூர்வாயி'யை எடுத்துக் கொடுத்தார். 1960-இல் வந்த மராத்திப் பயண நூல். "இதைப் படிச்சா ஐரோப்பா முழுக்கப் போய்வந்த மாதிரி. விசா வேண்டாம்." மாமாவுக்கு இது ஆசீர்வாதமா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்தது பெட்டி. தலைக்கு 23 கிலோ. கொக்கித் தராசில் பெட்டியை மாட்டிக்கொண்டு மாமா நிற்க, மாமி பொடி டப்பாக்களை நீட்டினாள்.

"தேங்காப்பொடி கொப்பரையிலயா பண்ணினே?"

"பின்னே? இளநீர்லயா பண்ணுவா?"

"கொப்பரையை பிளேன்ல ஏத்தக் கூடாதுன்னு 2022லயே சொல்லிட்டான். எண்ணெய் இருக்காம், தீப்பிடிக்குமாம்."

"ஏன்னா, வறுத்து இடிச்சு நாலு நாளாச்சு. பிடிக்கறதா இருந்தா அடுப்புலயே பிடிச்சிருக்கும்."

தேங்காய்ப்பொடி வீட்டிலேயே தங்கியது. புளிக்காய்ச்சலும் மாகாளி ஊறுகாயும் பயணப்பட்டன. அப்படியும் 200 கிராம் கூடுதல். சிதளே பாக்கர்வடி ஒரு பாக்கெட்டை வெளியே எடுத்து, அங்கேயே உட்கார்ந்து தின்று, எடையைப் பெட்டியிலிருந்து ஆளுக்கு மாற்றினார் மாமா. ஆளை யாரும் நிறுப்பதில்லை.

புனேக்காரனுக்கு வெளிநாடு கண்டாலா மலைப்பாதைக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. லோஹேகாவ் விமான நிலையத்திலிருந்து துபாய் மாதிரி கைவிரலில் எண்ணும்படி சில ஊர்களுக்குத்தான் நேர் விமானம். ஐரோப்பா என்றால் மும்பைக்குப் போக வேண்டும். 2002-இல் முழுசாகத் திறந்த எக்ஸ்பிரஸ்வே 94 கிலோமீட்டர்தான். ஆனால் மலையில் ஒரு லாரி படுத்தால் பாரிஸ் போச்சு. ஆகவே ராத்திரி இரண்டரை மணி விமானத்துக்கு மத்தியானம் ஒரு மணிக்கே கிளம்பினார்கள். அன்றைக்கென்று மலைப்பாதை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மாமாவின் முகம் வாடிவிட்டது. ஒரு சின்ன நெரிசலாவது இருந்திருந்தால் வீட்டில் மரியாதை மிஞ்சியிருக்கும். மும்பை விமான நிலைய வாசலில் நின்ற ஜவான் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அங்கிள், இது நாளைக்கு!"

பாரிஸ் இரண்டு நாள் நன்றாகவே போனது. குழு பஸ்ஸில் தினம் ஒரு வரிசை பின்னால் நகர்ந்து உட்கார வேண்டும் என்ற சுழற்சிமுறையை மாமா தாமாகவே முன்வந்து நோட்டில் எழுதி நிர்வகித்தார். டூர் மேனேஜருக்கு ஒரு வேலை குறைந்தது. சுவிட்சர்லாந்தில் நுழைந்ததும் கணக்கு மூளை விழித்துக்கொண்டது. ஒரு ஃபிராங்குக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டார். ரயில் நிலையக் கழிப்பறையில் இரண்டு ஃபிராங்க். "இருநூறு ரூபாயா! வைஷாலியில டிபன் சாப்பிட்டுட்டு, அங்கேயே இதையும் சும்மா முடிச்சிருக்கலாம்" என்று வெளியே வந்தார். அதன் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

குடும்பப் பயணத்துக்கு நாலாம் நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்குச் சண்டை வந்தே தீரும், காரணம் வழியில் கிடைக்கும். எங்கள் மாமா குடும்பத்துக்கு அது ஒரு பிளக்கில் கிடைத்தது. பாரிசில் சுவரில் பொருந்திய அடாப்டர் சுவிஸ் சுவரில் பொருந்தவில்லை. அங்கே துளையின் அமைப்பே வேறு. ஐந்து பேர் போனும் அணைந்தது. "ஐரோப்பா பூரா ஒண்ணுன்னுதானேடா சொன்னே?" என்றார் மாமா. "விடுங்கோப்பா" என்றான் பிள்ளை. அந்த ஒரு வார்த்தையிலிருந்து எல்லாம் கிளம்பியது: மலைப்பாதை, ஜவான், தேங்காய்ப்பொடி, பத்தாம் வகுப்பில் வாங்கிய கணக்கு மார்க். மறுநாள் பஸ்ஸில் ஐந்து பேரும் ஐந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வெளியே ஏரி, புல்வெளி, மணி கட்டிய மாடு எல்லாம் யாரும் கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மாமா திரும்பிப் பார்த்தால், பின்வரிசை குல்கர்ணிகளும் ஜோஷிகளும் அப்படியேதான் இருந்தார்கள். அவர்களுக்கும் அது நாலாம் நாள் தாண்டிய மறுநாள். கடைசியில் மாமி தயிர்சாதத்தையும் மாகாளியையும் வரிசை வரிசையாக அனுப்ப, பஸ் பேச ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் டிட்லிஸ் மலை. 1992-இலிருந்து ஓடும் சுழலும் கேபிள் கார். ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, கார் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டும். "கழுத்து எதுக்கு இருக்கு?" என்றார் மாமா, கை வயிற்றில் இருக்க. மூவாயிரம் மீட்டருக்கு மேலே, கண் கூசும் பனியில், ஷாருக்கானும் கஜோலும் அட்டையில் நிற்கிறார்கள். 1995-இல் வந்த படத்தின் ஜோடி. அந்த அட்டையோடு படமெடுக்க நின்ற வரிசை அச்சாகப் புனே லக்ஷ்மி ரோட்டுக் கூட்டம். பிள்ளையும் மருமகளும் வரிசையில் போய் நின்றார்கள்.

அப்போதுதான் மாமாவின் மூக்கில் ஒரு பனி உருண்டை வந்து விழுந்தது. பேத்தி. இன்னொன்று, காதில். மாமா குனிந்து ஒரு பிடி அள்ளினார். பனி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒற்றைக் கையால் கொழுக்கட்டை பிடிக்க முடியுமா? இரண்டு கையாலும் அள்ளினார், உருட்டினார், எறிந்தார். குறி தவறி மாமியின் மேல் விழுந்தது. மாமி சும்மா இருப்பாளா? அந்த ரகளையை மருமகள் படமெடுத்தாள். மாமாவின் இரண்டு கையும் தலைக்கு மேலே, குல்லாய் ஒரு பக்கம், பை சட்டைக்கு வெளியே வந்து தொங்குகிறது, பல் அத்தனையும் தெரிகிறது. அடுத்த நிமிஷம் கை வயிற்றைத் தேடியது, பையைக் காணாமல் முகம் வெளுத்தது, முதுகுப்பக்கம் போயிருந்த பையை மாமி இழுத்துக் கொடுத்தது, ஐந்தையும் அவர் மூன்று தரம் எண்ணியது, இதெல்லாம் படத்தில் இல்லை.

அந்தப் படம் ஹாலில் மாட்டப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். மாமா பையைத் திறந்து, பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். ஓரம் மடங்காமல் லாமினேட் செய்திருந்தார்.

"அஞ்சு பாஸ்போர்ட்டும் அனாமத்தாத் தொங்கறது பாரு. இதைப் போய் நாலு பேர் பார்க்க மாட்டுவாளா? ஒண்ணுத்துக்கும் உதவாத படம். விசாவுக்குக் கொடுத்தாக்கூட வாங்க மாட்டான், சிரிச்சுத் தொலைச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, அதைப் பத்திரமாகத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.